தென்னம்பிள்ளையின் கம்பளி

அநியாயம் நடந்தது செந்தூர்க்கனிக்கு. செய்தவள் அவளுடைய குரு, மடத்தில் எல்லாரும் அம்மா என்று அழைப்பவள்.

மலையுச்சியில் உறைபனி கொட்டிய ஓர் இரவில், தன் தென்னம்பிள்ளைக்கு அவள் போர்த்தியிருந்த கம்பளியும், அதற்குள் திணித்திருந்த வைக்கோலும் காணாமல் போயின. விடிந்தபோது தென்னம்பிள்ளை அம்மணமாக நின்றது. மட்டைகள் வெந்நீர் ஊற்றிய கீரைபோலத் துவண்டு தொங்கின.

எடுத்தது யாரென்று துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. செடிமுற்றத்திலிருந்து படியேறி, கூடத்தைக் கடந்து, அம்மாவின் அறைவாசல் வரைக்கும் வைக்கோல் சிந்திக் கிடந்தது.

செந்தூர்க்கனி அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். அம்மா பீடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மடத்துக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எம் பிள்ளைக்கு வச்ச வைக்கோலு. உங்க வாசல்ல கெடக்கு. ஏன் எடுத்தீய?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

மாசிலாமணி கண்ணை மூடித் திறந்தார். பள்ளிக்கூடங்களைச் சோதனை போடும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அம்மா எதைச் செய்தாலும் அதற்கு உரை சொல்வது அவர் வேலை. யாரும் அவருக்குக் கொடுத்த வேலை அல்ல.

"கையை மறைச்சாங்க, பாத்தீங்களா? எடுத்த கையைத் தேடாதே, பிடிச்சுக்கிட்டிருக்கிற மனசைத் தேடுங்கறாங்க."

"நான் அம்மாட்ட கேட்டேன்."

"அம்மா சொன்னதைத்தான் நான் சொல்றேன், கனியக்கா."

"அவுக ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன்."

அன்று முழுக்க அம்மாவுக்குக் குரல் கட்டியிருந்தது. மௌன விரதம் என்று மாசிலாமணி அறிவித்தார்.

*

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு.

வந்து சேருகிறவர் தன் ஊரிலிருந்து ஒரு செடியையோ கன்றையோ கொண்டுவர வேண்டும். மலைக்குளிரில் அதை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சாதனை. மந்திரம் கிந்திரம் கிடையாது.

மாசிலாமணி ஈச்சங்கன்று கொண்டுவந்தார். அது வளரவும் இல்லை, சாகவும் இல்லை. சமையல்கட்டுப் பொம்மியக்கா நட்ட முருங்கை ஒவ்வொரு பனிக்கும் தரையோடு கருகும், சித்திரையில் வேரிலிருந்து துளிர்க்கும். மடத்தைத் தொடங்கிய பெரியவர் எங்கோ பாலை நிலத்திலிருந்து யூக்கா என்றொரு செடி கொண்டுவந்திருந்தார். கத்தி கத்தியாக இலை நீட்டிக்கொண்டு நடுமுற்றத்தில் நிற்கும். அதன்மேல் பனி உறைந்து கண்ணாடிபோல் மின்னும். வெயில் வந்ததும் உருகி வழியும். யூக்காவுக்கு ஒன்றும் ஆகாது. ஆடியில் பூக்கவும் செய்யும்.

பெரியவரும் அப்படித்தான். ஒற்றைப் பருத்தித் துண்டோடு கல்தரையில் படுத்தவர். வடக்குப் பார்த்த சன்னலுக்குக் கதவே வேண்டாமென்று கழற்றி எறிந்தவர். பீடத்தில் இருப்பவர் ஒற்றை ஆடையோடுதான் இருக்க வேண்டும், தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, அந்த அறைக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது என்று சட்டம் வைத்தார். அவர் உடம்புக்குத் தோதான சட்டம். அவருக்குப் பிறகு அந்தச் சட்டத்துக்குள் எந்த உடம்பு போய் உட்காரும் என்று அவர் யோசிக்கவில்லை.

சாகும்போது அவர் விரல் நீட்டிய திசையில் ஓர் இளம்பெண் கஞ்சியோடு நின்றிருந்தாள்.

ஏழு வயதில் யாரோ மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போன பெண். அவள் எந்தச் செடியும் கொண்டுவரவில்லை. பொம்மியக்காவோடு அடுப்பங்கரையில் படுத்து வளர்ந்தவள். மறுநாளே அவளைப் பீடத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது, அன்றோடு அதையும் எடுத்துவிட்டார்கள். அம்மா என்றார்கள். அதிலிருந்து மடத்தில் அம்மா என்ற சொல் ஒருத்திக்குத்தான். மற்ற பெண்கள் எவ்வளவு வயதானாலும் அக்காதான்.

அந்த வருஷம்தான் செந்தூர்க்கனி கடற்கரையிலிருந்து மலையேறி வந்தாள். இடுப்பில் ஒரு தென்னம்பிள்ளை. பிள்ளையைத் தூக்கி வருவதுபோலவே தூக்கி வந்தாள்.

தென்னையை இந்தக் குளிரில் பிழைக்கவைக்க முடியாது என்றார்கள் எல்லாரும். அவள் கேட்கவில்லை. வெயிலைக் குடித்துவைக்கும் கல்சுவரை ஒட்டி நட்டாள். பொழுது சாய்ந்ததும் மட்டைகளை மேலே கூட்டிக் குடுமிபோலக் கட்டுவாள். குருத்தைச் சுற்றிக் காய்ந்த வைக்கோலைத் திணிப்பாள். அதன்மேல் கம்பளி. மடத்தில் அவளுக்குப் படுக்கக் கொடுத்த கம்பளி அது. அடுப்பில் செங்கல்லைச் சுட்டு அடிமரத்தைச் சுற்றி அடுக்குவாள். காலையில் வெயில் பட்டதும் எல்லாவற்றையும் அவிழ்ப்பாள். அவிழ்க்காவிட்டால் உள்ளே வேர்த்துப் புழுங்கிக் குருத்து அழுகிவிடும். மூடுவது பாதி வேலைதான், நேரத்துக்குத் திறந்து பார்ப்பது மீதி.

"இட்லி வேகறதுக்கு அடுப்பா, உங்க மரத்துக்குச் செங்கல் சுடறதுக்கு அடுப்பாங்க்கா?" என்பாள் பொம்மியக்கா.

"இட்லி ஒரு நாளு வேகலைன்னா மாவா இருக்கும். அது செத்தா மறுக்கா வருமா?"

அப்படிக் காத்து, போன பனிக்காலங்களையெல்லாம் தாண்ட வைத்த மரத்தைத்தான் அம்மா அம்மணமாக்கியிருந்தாள்.

*

மட்டைகள் போனால் போகட்டும், குருத்துப் பிழைத்தால் மரம் பிழைக்கும். தென்னைக்கு ஒரே குருத்து. முருங்கைபோல வேரிலிருந்து இன்னொன்று வராது. குருத்து இருக்கிறதா போய்விட்டதா என்று பனிக்காலம் முடிந்துதான் தெரியும்.

செந்தூர்க்கனி தன் சேலைகளைச் சுற்றி மரத்தை மூடினாள். மூடிவிட்டு, விட்ட சண்டையைத் தொடரக் கூடத்துக்கு வந்தாள்.

"பற்றை உருவினாங்கன்னு சொல்லுதீய. பற்றை உருவணும்னா பற்றை உருவ வேண்டியதுதான. கம்பளிய எதுக்கு உருவணும்?"

"கனியக்கா, குருகிட்ட தர்க்கம் பண்ணக் கூடாது" என்றார் மாசிலாமணி.

"நான் தர்க்கம் பண்ணலை. கணக்குக் கேக்கேன். பாடம் எனக்குன்னா எனக்குல்லா வலிக்கணும்? அந்த வாயில்லாத சீவனை எதுக்கு வதைக்கணும்? எம் புத்திக்கு மருந்து, அது தலையில தடவுவீயளா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். மாசிலாமணி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மா சன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள்.

"யூக்கா நிக்குதே" என்றாள். குரல் கரகரவென்று வந்தது.

"ஆகா!" என்றார் மாசிலாமணி. "யூக்காவுக்கு யார் போர்த்தினா? தன்னை நம்பி நில்லுங்கறாங்க!"

"யூக்கா பொறந்த மண்ணு அப்படி" என்றாள் செந்தூர்க்கனி. "பகல்ல பொரியும், ராத்திரி விறைக்கும். தாயி வயித்துலயே படிச்சிட்டு வந்திருக்கு. எம் மரத்துக்கு யாரு படிச்சுக் கொடுத்தா? யூக்கா தாங்குதுன்னா தென்னையும் தாங்கணுமா? ஒருத்தருக்கு வச்ச அளவை இன்னொருத்தர் ஒடம்புல வச்சுப் பாக்கது எந்த ஊரு நியாயம்?"

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். எதையோ சொல்லப்போகிறவள்போல வாய் திறந்தது.

"இதற்குப் பதில் மௌனம்தான்" என்றார் மாசிலாமணி.

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

*

மார்கழி பஜனையில் அம்மாவின் உடம்பு நடுங்கும். பல் கிடுகிடுக்கும். அருள் இறங்குகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். செந்தூர்க்கனியும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் அவள் பஜனைக்கு வரவில்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கோவம் ஆகாதுங்க்கா" என்றாள் பொம்மியக்கா. "அம்மா என்ன நம்மளாட்டம் சாதாரண ஒடம்பா? அடுப்பங்கரையில என் கக்கத்துல சுருண்டு கெடந்த புள்ளைதான். பீடத்துல ஏறுனதும் பாருங்க, ஒரு போர்வை வேணுமின்னு ஒரு நாள் கேட்டிருக்குமா? ஒடம்பே வேற ஆயிப்போச்சு."

"ஒடம்பு எப்படியும் போட்டும். எம் மரம்?"

மறுநாள் அம்மா தானாகச் செடிமுற்றத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். வெறுங்காலோடு பனிப்புல்லில் நின்றாள். செந்தூர்க்கனி எழுந்திருக்கவில்லை.

"இதுக்குக் குளிருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அம்மா.

"பாத்தா தெரியும். நெறம் மாறும். மட்டை ஒடுங்கும். நுனி கறுக்கும்."

"அது ஒண்ணும் சொல்லாதே."

"சொன்னாத்தான் தெரியுமா? வாயில்லாதது எங்க போயிக் கேக்கும்? நாமதான் பாக்கணும்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

அந்தப் பார்வையில் செந்தூர்க்கனிக்கு என்னவோ ஆயிற்று. யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எம் மக தங்கபுஷ்பம் பொறந்தப்ப ஒரு தென்னை வச்சோம். கட்டிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு தடவை ஆடிக்கு வந்தா. வந்து அந்தத் தென்னைமூட்டுலயே உக்காந்துட்டா. சோறு வச்சேன், தின்னா. தலை வாரிவிட்டேன், காட்டினா. நல்லா இருக்கியாட்டின்னு கேட்டேன், இருக்கேன்னா. அதிரசம் சுட்டு, தூக்குச்சட்டியில போட்டு, பஸ் ஏத்திவிட்டேன்."

காற்று வீசியது. அம்மா தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

"ஆவணியில தகவல் வந்துச்சு. கெணத்துல கெடந்தாளாம்."

செந்தூர்க்கனி துவண்ட மட்டை ஒன்றை நீவிவிட்டாள்.

"போகமாட்டேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருப்பனா? சொல்லலையே. வாய் இருந்தும் சொல்லலையே. இது அவ மரத்துல விழுந்த நெத்து, தானா மொளைச்சது. இதையும் நீங்க எடுத்துட்டீய."

அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, செந்தூர்க்கனியின் தோளைத் தொட நீட்டினாள்.

செந்தூர்க்கனி தோளை விலக்கிக்கொண்டாள்.

படியில் மாசிலாமணி வந்துகொண்டிருந்தார். "அம்மா அழறாங்க! கருணை! கருணை!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். எல்லாரும் ஓடிவந்து கும்பிட்டார்கள்.

*

பங்குனியில் பனி நின்றது.

செந்தூர்க்கனி மரத்தை அவிழ்த்தாள். நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து, மேல்நோக்கி லேசாக இழுத்தாள். உயிர் இருந்தால் குருத்து விடாது, கையை எதிர்த்து இழுக்கும்.

விட்டுவிட்டது. உறையிலிருந்து கத்தி வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் பழுப்பாகக் கூழாகியிருந்தது. அழுகிய இளநீரின் வாடை.

அவள் அழவில்லை. குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மியக்காவிடம் போய், "என் பெட்டிய எடுத்து வையி. நான் மலையெறங்கப் போறேன்" என்றாள்.

"போறதுக்கு முன்னால அம்மாவைக் கேட்டுட்டுப் போங்க்கா. அது உங்க உரிமை."

உரிமைதான். பெரியவர் வைத்த சட்டங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். செடி செத்தவர் மட்டும் அம்மாவின் அறைக்குள் போகலாம். தனியாகப் போகலாம். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அம்மா வாய்திறந்து பதில் சொல்லியே தீர வேண்டும். உரை சொல்ல அங்கே யாரும் இருக்க முடியாது.

மாசிலாமணி அறைவாசல் வரை கூடவே வந்தார்.

"ஒரு கேள்விதான், கனியக்கா. வீணாக்கிடாதீங்க. பிறவியைப் பத்திக் கேளுங்க. முக்தியைப் பத்திக் கேளுங்க. எனக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கலையே. என் ஈச்சை சாகமாட்டேங்குதே!"

"வெந்நீ ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் தள்ளினாள்.

கேள்வியை அவள் தயாராக வைத்திருந்தாள். கூடத்தில் கேட்டதையெல்லாம்விடக் கூரான கேள்வி. குரு என்ற பெயரில் ஒருத்தி இன்னொருத்தியின் பிள்ளையைக் கொன்றால் அதற்குப் பெயர் ஞானமா என்று கேட்பாள். அழுகிய குருத்தை அம்மாவின் மடியில் போடுவாள். பதில் என்னவானாலும் நிற்காமல் வெளியே நடப்பாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

பாய் இல்லை. விளக்கு இல்லை. கல்தரை, கல்சுவர். வடக்குச் சன்னல் வாய் பிளந்து கிடந்தது. பங்குனி வெயில் வெளியே நின்றுகொண்டது, காற்று மட்டும் உள்ளே வந்தது. மூலையில் வைக்கோல். அவளுடைய வைக்கோல்தான். மிதிபட்டுத் துகளாகி, நடுவில் பள்ளமாகியிருந்தது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுக்கிற ஓர் உடம்பின் அளவுக்கு அந்தப் பள்ளம் இருந்தது. பக்கத்தில் அந்தக் கம்பளி, திருப்பிக் கொடுக்கப்போவதுபோல ஒழுங்காக மடிக்கப்பட்டு.

அம்மா சுவரோரம் எழுந்து நின்றாள். பீடத்தில் பார்க்கிறபோது தெரியாத அளவுக்குச் சிறியவளாக இருந்தாள். தங்கபுஷ்பத்தின் வயசுதான் இருக்கும். கைகள் வழக்கம்போல முந்தானைக்குள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. விரல்கள் சிவந்து வீங்கி, நுனிகள் கறுத்திருந்தன.

செந்தூர்க்கனி அந்த நுனிகளைப் பார்த்தாள்.

கையிலிருந்த குருத்து கீழே விழுந்தது.

கேட்க வேண்டியது ஒன்றும் நினைவில் இல்லை. மடத்தில் யாரும் அம்மாவை அழைக்காத விதத்தில், தன் வீட்டு முற்றத்தில் நின்று கேட்பவள்போலக் கேட்டாள்.

"ஏன் பிள்ள எடுத்த?"

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. அவளுடைய தாடை நடுங்கியது.

"குளிருச்சும்மா."